ஆமா போட ஒரு ஆள்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்க ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? சரசா டீச்சர் வருகிறாள் என்றால் வாத்தியார்களே பீடியை அணைப்பார்கள். அப்படி இருந்தவள்தான் வீட்டுக்காரர் போன பிறகு மகனோடு ஆவடிக்கு வந்து, பருத்திப்பட்டில் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் சத்தம் குறைத்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகன் விக்ரமுக்கும் மருமகள் சௌம்யாவுக்கும் கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பிள்ளைகள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் காலையில் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் காதில் எதையோ மாட்டிக்கொண்டால் சாயங்காலம்வரை வெளியே வரமாட்டார்கள். நான் கதவைத் திறந்து, "தோசை ஊத்தட்டுமா?" என்று கேட்டால் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வீடு முழுக்கப் பேச்சுச் சத்தம், அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு இல்லை. ஒரு நாள் காய்கறிக்காரன் போனில், "வேற இன்னாம்மா வேணும்?" என்று கேட்டான். அவனோடு இன்னும் கொஞ்சம் பேசலாமே என்று தேவையே இல்லாமல் அரைக்கிலோ முள்ளங்கி வாங்கினேன். எங்கள் வீட்டில் முள்ளங்கி யாரும் சாப்பிடமாட்டார்கள்.

அதன் பிறகுதான் காலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போக ஆரம்பித்தேன். அங்கே சிமெண்ட் பெஞ்சில் ஒரு மனுஷன் காலித் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டுக் கண்டபடி தட்டிக்கொண்டிருந்தார். ஜம்புலிங்கம். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் என்னால் முடியவில்லை.

"தட்டுறதா இருந்தா தாளத்தோட தட்டுங்க. இல்லன்னா கைய மடியில வச்சிக்கிட்டு உக்காருங்க" என்றேன்.

"தாளம் இன்னான்னு தெர்லயே. நீயே சொல்லிக் குடேம்மா" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல்.

பக்கத்தில் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த சபீனா சிரித்துவிட்டாள். ஆவடி மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருந்தவள், சர்க்கரைக்காக நடக்க வருகிறவள். அறிவொளி இயக்கக் காலத்தில் நான் ஊர் ஊராகப் போய் வில்லுப்பாட்டுப் பாடியவள் என்று சொன்னதும், "அப்ப நமக்கும் ஒண்ணு பண்ணலாமேக்கா" என்றாள். சும்மா சொன்னாளோ என்னவோ. நான் விடவில்லை.

வில்லுக்குக் குமணன்சாவடியில் சாரக்கம்பு விற்கிற கடைக்குப் போய் மூங்கில் வாங்கினோம். அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் முனை இரண்டும் வெளியே நீண்டு நின்றது. டிரைவர் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். முதல் மூங்கிலை ஜம்புலிங்கம் வளைக்கிறேன் என்று பிளந்துவிட்டார். இரண்டாவது நின்றது. சபீனா அதற்குச் சிவப்பு நாடாவில் சலங்கை தைத்துக் கொடுத்தாள். நாணுக்கு நைலான் கயிறு. மண்பானையின் வாயில் அடிக்க ஜம்புலிங்கம் ஒரு பழைய ரப்பர்ச் செருப்பை எடுத்து வந்தார். "பானையைச் செருப்பால அடிப்பீரா? வெளங்குமா?" என்று நான் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. கடைசியில் சைக்கிள் டயரை வெட்டி அடுக்கி ஒரு மட்டை செய்தார். நாதம் அருமையாக வந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை.

இக்னேஷியஸ் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. அண்ணனூர்க்காரர், மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். தாட்டியான உடம்பு, இரும்புச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏரிக்கு வந்துவிடுவார், எல்லோருக்கும் பிறகுதான் கிளம்புவார். ஒத்திகையைத் தினமும் தூரத்தில் நின்று பார்த்தவரை ஒரு நாள் நானே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, சும்மா நிக்கதுக்கு உள்ள வந்து உக்காருங்களேன்."

"கீழ குந்த முடியாது டீச்சர். முட்டி போயிட்ச்சு."

"சேர் போட்டு உக்காருங்க."

வில்லுப்பாட்டில் யாராவது நாற்காலியில் உட்காருவார்களா? எங்கள் குழுவில் உட்கார்ந்தார். ஜால்ராவைக் கொடுத்தேன், தாளத்துக்கு எதிர்த்திசையில் போனார். பாடச் சொன்னேன், பணிமனைச் சங்கு ஊதியது. மனுஷனை எதற்குத்தான் வைத்துக்கொள்வது என்று யோசித்து, கடைசியில் ஆமா போடுகிற வேலையைக் கொடுத்தேன்.

லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வில்லடித்துப் பாடுகிறவள் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினால், பக்கத்தில் இருக்கிற ஆள் உடனே, "ஆமா!" என்று போட வேண்டும். ஒரு ஊரிலே ஒரு கிழவி இருந்தாளாம். ஆமா. அவளுக்கு ஒரே ஒரு பிள்ளையாம். ஆமா. அந்த ஆமா கொஞ்சம் பிந்தினாலும் பாட்டு நொண்டும். ஆமா விழாவிட்டால் பாடுகிறவள் நட்டநடு மேடையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற பைத்தியக்காரி மாதிரி ஆகிவிடுவாள்.

இக்னேஷியசுக்கு முதலில் அதுவும் வரவில்லை. காரணம், அவர் கதையை நிஜமாகவே கேட்டார். "கிழவி மூணு நாள் சோறு திங்கலையாம்" என்று நான் நிறுத்தினால், "அய்யே, இன்னாத்துக்கு?" என்பார். "பிள்ளை கப்பல் ஏறிப் போனானாம்" என்றால், "எவன் உட்டான் அவன?" என்பார். சபீனா ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

"அண்ணாச்சி, நீங்க யோசிக்கவே கூடாது. கேள்வி கேட்டாலும் ஆமா, அழுதாலும் ஆமா, வில்லே முறிஞ்சி விழுந்தாலும் ஆமா. என் கோல் கயித்துல விழுந்ததும் உங்க வாய் தொறக்கணும். புத்திய வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றேன்.

"ஊட்ல வெக்க எடம் இல்ல டீச்சர், அவ்ளோ ஜனம்" என்று சிரித்தார்.

அது உண்மைதான். மகன் பிராங்க், மருமகள் எவாஞ்சலின், மூன்று பேரப்பிள்ளைகள், மருமகளின் அம்மா அப்பா வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது என்று கதை கதையாகச் சொல்வார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஒளிப்பானேன், பொறாமைதான். மனுஷனுக்கு என்ன குறை, பொழுது போகாமல் வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கார்த்திகை கழிவதற்குள், அவர் போடுகிற ஆமாவுக்கு இணையாக வேறொன்றை நான் எங்கும் கேட்டதில்லை என்று ஆகிவிட்டது. என் கோல் விழும், அவர் குரல் எழும். ஒரு நூல் இடைவெளி இருக்காது. வீட்டில் நான் பேசினால் ஒரு கைதான் பதிலுக்கு வரும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு மனுஷன் வாய் திறந்து, நீ சொல்வது கேட்கிறது என்கிறார். அதற்காகவே விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன்.

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் எங்களுக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். பிள்ளைகள் நடனத்துக்கும் உறியடிக்கும் நடுவில்.

மார்கழி பிறந்ததும் விக்ரம் ஒரு நாள் அறையை விட்டு வெளியே வந்து, காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதே தெரிந்துபோயிற்று, என்னவோ இருக்கிறது என்று.

"அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் நெதர்லாந்து கெடைச்சிருக்கு. மூணு வருஷம்."

"நல்ல விஷயம்தானல?"

"வீட்ட வாடகைக்கு விட்டுட்டுப் போகணும். உன்ன அங்க கூட்டிட்டுப் போக இப்போதைக்கு வழி இல்ல. கோயம்புத்தூர் பக்கத்துல பெரியவங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கும்மா. தோட்டம், டாக்டர், வேளா வேளைக்குச் சாப்பாடு. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

போனில் படம் காட்டினான். வெள்ளை வெளேரென்று சுவர், வெள்ளை நாற்காலிகள். ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை.

"நான் இங்கயே இருக்கேன். சபீனா வீட்டு மாடி போர்ஷன் காலியாத்தான் கெடக்கு. வாங்கக்கான்னு கூப்பிடுதா" என்றேன்.

விக்ரம் கோபப்படுகிற பிள்ளை இல்லை. மெதுவாகத்தான் கேட்டான். "தலை சுத்தி விழுந்தா யாரும்மா வருவா? இங்க உனக்குன்னு யாரு இருக்கா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. எனக்குன்னு யார் இருக்கா? இக்னேஷியஸ், ஜம்புலிங்கம், சபீனா என்று விரல் மடக்கிச் சொல்லியிருக்கலாம். அவன், "அவங்கல்லாம் வாக்கிங் வர்றவங்கம்மா" என்று சொல்லியிருப்பான். அதை அவன் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பெற்ற பிள்ளையிடம் போய், எனக்கும் மனுஷர்கள் இருக்கிறார்கள், நம்பப்பா என்று கெஞ்சுவதா? சரசாவா? போன வீட்டுக்காரர் எழுந்து வந்து சிரிப்பார்.

"பொங்கல் முடியட்டும், சொல்லுதேன்" என்றேன்.

"சரிம்மா. நீ சம்மதிச்சாத்தான் எதுவும். உன் வாயால சொல்லணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் வாயால்தானே சொல்ல வேண்டும், பாட்டாகவே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான். குடிக்காதே என்று எந்த ஊரிலும் எவனையும் நான் நேராகச் சொன்னதில்லை. வில்லை வைத்துக் கதையாகச் சொன்னால் முன்வரிசையில் இருக்கிறவன் தலையைத் தொங்கப் போடுவான். விக்ரமும் முன்வரிசையில்தான் உட்காரப் போகிறான்.

எங்கள் கதை, ஏரிக்கரையில் இருக்கிற ஒரு கிழவியின் கதை. பிள்ளை கடல் தாண்டிப் போகிறான். அவள் அழுகிறாள், அவ்வளவுதான் முதலில் எழுதியது. இப்போது முடிவை மாற்றினேன். கிழவி கரையில் நின்று, "எனக்கென்று இந்த ஊரில் யாருண்டு? ஒருவரும் இல்லையே" என்று பாடி நிறுத்துவாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் இக்னேஷியஸ் ஆமா போடக்கூடாது. நாற்காலியிலிருந்து எழுந்து, "ஏன் இல்ல? நாங்க இருக்கோம்!" என்று கத்த வேண்டும். உடனே பானையும் ஜால்ராவும் ஒரு பிடி பிடிக்க, நான் துரித காலத்தில் பாட வேண்டும். தூக்கிவிட மூணு பேர் உண்டு, பார்த்துக்கொள்ள ஊர் உண்டு என்று.

ஏன் மாற்றினேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. கதைக்கு நல்லா இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

"ஏன் இல்ல? நாங்க கீறோம்!" என்றார் இக்னேஷியஸ் முதல் நாள்.

"கீறோம் இல்ல அண்ணாச்சி. இருக்கோம்."

"ஏன் இல்ல? நாங்க இர்க்கறோம்."

அவருக்கே அது ஒட்டவில்லை. "சரி, கீறோம்னே சொல்லுங்க. இந்த ஊர்க்காரன் சொல்லுத மாதிரி இருக்கட்டும்" என்று விட்டுவிட்டேன். நான் ஒருத்தருக்குப் பிழையைத் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

ஒத்திகையில் பாதி நாள் சரியாகச் சொல்வார், பாதி நாள் வாய் தானாக ஆமா போட்டுவிடும். "ஐயோ டீச்சர், பளகிட்ச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார். கடைசி ஒரு வாரம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அந்தத் தொண்டையால் அவர் சொல்லும்போது ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லித் துடைத்துக்கொள்வேன்.

பொங்கல் விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். கரும்பு கட்டி, தோரணம் கட்டி, காது கிழிகிற மாதிரி பாட்டுப் போட்டுப் பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். எங்களைக் கூப்பிட்டதும் பாதிப் பேர் சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள். ஆனால் விக்ரம் போகவில்லை. முன்வரிசையில், காதில் ஒன்றும் மாட்டாமல், சௌம்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அது போதும்.

நான் வில்லின் முன்னால் உட்கார்ந்தேன். இடப்பக்கம் பானையோடு ஜம்புலிங்கம், பின்னால் சபீனா, வலப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இக்னேஷியஸ். கோலை எடுத்து வீசினேன். சலங்கை பேசியது. "ஏரிக்கரைக் கதை சொல்ல வந்தோமே" என்று எடுத்தேன். ஆமா! என்று அவர் போட்ட போட்டில் சுண்டலுக்குப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிகள் நிறைந்தன. கிழவி முறுக்கு சுட்டதற்குச் சிரித்தார்கள், பிள்ளை படித்ததற்குக் கைதட்டினார்கள். ஜம்புலிங்கம் தாளம் பிசகவே இல்லை. எனக்குள் இருந்த வயசெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

பிள்ளை கடல் தாண்டினான். ஆமா. கிழவி கரையில் நின்றாள். ஆமா. பானையை அமர்த்தச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். கூட்டம் அமைதியானது. நான் விக்ரமைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்திகையில் வராத ஒரு குழைவு அப்போது குரலில் தானாக வந்தது.

"எனக்கென்று இந்த ஊரில் யாருண்டு? ஒருவரும் இல்லையே..."

கோலைக் கயிற்றின் மேல் வைத்து நிறுத்தினேன்.

"ஆமா" என்றார் இக்னேஷியஸ்.

எழுந்திருக்கவில்லை, கத்தவுமில்லை. இத்தனை நாளும் போட்ட ஆமா மாதிரியும் இல்லை. சின்னக் குரலில், தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார். ஆனால் ஒலிபெருக்கி அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாவம் கிழவி, ஆறுதல் சொல்ல வேண்டியவனே ஆமா போட்டுவிட்டானே என்று நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் விசில் பறந்தது. ஜம்புலிங்கம் அடிப்பதா வேண்டாமா என்று மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் இக்னேஷியஸைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுங்க, இப்பவாவது சொல்லுங்க என்று மனசுக்குள் கத்தினேன். அவர் நிமிரவே இல்லை. தூக்கிவிட மூணு பேர் உண்டு என்று நான் மட்டும் எப்படிப் பாடுவது? அதற்கு ஒருவர் முதலில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டாமா? வேறு வழியில்லாமல் நேராக வாழி பாடி முடித்துவிட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. பொன்னாடை போட்டார்கள். உறியடிக்குப் பானை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் விக்ரம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் ஈரம்.

"இவ்வளவு நாளும் மனசுலயே வச்சிருந்தியாம்மா? இங்க யாருமே இல்லன்னு நேரா சொன்னா நான் கஷ்டப்படுவேன்னுதானே பாட்டுல சொன்ன? எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"இல்லல, அது வந்து..."

"நீயா வாயத் தொறந்து சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். இப்பவே போன்ல புதன்கிழமை கோவை வண்டிக்கு டிக்கெட் போட்டுட்டேன். நானும் கூட வர்றேன். எல்லாம் செட் பண்ணிக் குடுத்துட்டுத்தான் வருவேன்."

சௌம்யா வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு பேர் முகத்திலும் அத்தனை நிம்மதி. ஒரு மாசமாக அவர்கள் சரியாகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இல்லை, நான் சொல்ல வந்தது வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரி, வேறு என்றால் எது, சொல்லு என்று கேட்டால் எதைக் காட்டுவேன்? ஊர் பூராவும் கேட்க ஒரு மனுஷன் ஆமா போட்டாயிற்று. வாயை மூடிக்கொண்டேன். ரோஷம்தான் என்னைக் கெடுத்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் மூடிக்கொண்டேன்.

அவர்களை மேலே போகச் சொல்லிவிட்டு வில்லை அவிழ்க்கப் போனேன். ஜம்புலிங்கமும் சபீனாவும் சுண்டல் வரிசையில் நின்றிருந்தார்கள். இக்னேஷியஸ் மட்டும் மேடைக்குப் பின்னால், தண்ணீர் மோட்டார் அறைச் சுவரை ஒட்டி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடங்காத ஆத்திரம்.

"நல்லா இருக்கா அண்ணாச்சி? ஒரு வாரமாத் தப்பாமச் சொன்னீங்களே. இன்னிக்கு என்ன வந்துச்சு? ஒரே ஒரு வரி. ஒரு வரி சொல்ல முடியலையா உங்களால?"

"தப்புதான் டீச்சர்."

"தப்புன்னா போச்சா? புத்திய வீட்டுல வச்சிட்டு வாங்கன்னு நான் சொன்னது மத்த எடத்துக்கு. இந்த எடத்துல யோசிக்க வேண்டாமா?"

"யோசிச்சேன் டீச்சர். அதான் ஆயிட்ச்சு." நிமிர்ந்து பார்த்தார். "இத்தினி நாளு நீ கெயவிக்குப் பாடின. நானும் கரீட்டா சொன்னேன். இன்னிக்கு நீ பாடசொல்லோ, அந்தக் கொரலு... எனக்குன்னு யாரும் இல்லன்னு நீ சொன்ன பாரு, எவனோ என்னப் பத்திப் பாடறான்னு ஆயிட்ச்சு. என்னியக் கேக்கறாப்ல இருந்திச்சு. உள்ளத சொல்லிட்டேன்."

"உங்களுக்கா? வீடு நெறைய ஆள் இருக்குன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"ஆளு கீது. யார் இல்லன்னா? மாடிப்படிக்குக் கீய எனக்கு ஒரு ரூமு. மேல இருந்து சோறு வரும், தட்டு போவும். புள்ளைங்க செருப்பு போட்டுகினு அப்டியே என்னத் தாண்டிப் போவும். பிராங்க் என்னாண்ட பேசி எவ்ளோ நாளாச்சுன்னு கேட்டா எனக்கே தெர்ல. சண்டல்லாம் இல்ல. சண்ட போட்டாக்கூடப் பேச்சு வருமே." கையால் முகத்தைத் துடைத்தார். "நாள் முச்சூடும் என் வாய்லேர்ந்து வர்ற ஒரே வார்த்த, காத்தால நீ போடச் சொல்ற ஆமாதான் டீச்சர். அத்த உட்டா எனக்கு வேற பேச்சே இல்ல."

நான் வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை மாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன். எனக்காக, நாங்கள் இருக்கிறோம் என்று கத்தச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, உமக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? கேட்கவில்லை. அவர் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"உடு டீச்சர். இன்னிக்கு சொதப்பிட்டேன். ஈஸ்டருக்கு எங்க கோயில்ல கேக்கறேன், அங்க ஒண்ணு போடலாம். புதுசா ஒரு கத எய்து. இந்த தபா நான் கரீட்டா சொல்றேன் பாரு." முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "எய்துவ இல்ல?"

அந்தப் பக்கம் உறியடிக்கு ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாலு சுவருக்குள் இத்தனை காலம் வாயடைத்துக் கிடந்தவளை ஏரிக்கரையில் உட்காரவைத்துப் பதில் சொல்லிச் சொல்லியே மனுஷியாக்கியவர் கேட்கிறார். சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, நான் புதன்கிழமை கோயம்புத்தூருக்குப் போறேன். இனிமே அங்கதான்" என்றேன்.

சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில், ஒரு வரி முடிந்தால் எவ்வளவு நேரம் விட்டு நிற்போமோ அவ்வளவு நேரம் நின்றேன். அதற்கு மேலும் நின்றேன். இக்னேஷியஸ் வாய் திறக்கவே இல்லை.